முதல் ஸ்ப்ளிட் கீபோர்டு: பிறகு மாற்ற முடியாததை முதலில் முடிவு செய்யுங்கள்

இரண்டு பாதிகளாகப் பிரிந்த ஸ்ப்ளிட் கீபோர்டு வாங்கலாம் என்று தேடத் தொடங்கியதும் பலரும் போய் நிற்கும் இடம், ஒவ்வொரு கீயின் அடியிலும் இருக்கும் சுவிட்ச். சிவப்பா, பிரவுனா, எதன் சத்தம் இனிமை, கீயின் மேல் மூடியான கீகேப்பில் எது அழகு. நானும் மூன்று வாரம் சுவிட்ச் வீடியோக்களைப் பார்த்துத்தான் என் முதல் பலகையை வாங்கினேன். சுவிட்ச் பிடித்திருந்தது. ஆனால் கட்டைவிரலுக்கான கீகள் என் உள்ளங்கைக்கு அடியில் ஒடுங்கி இருந்தன. ஒவ்வொரு ஸ்பேஸுக்கும் விரலை உள்ளே மடக்க வேண்டியிருந்தது. பத்தே நாளில் கட்டைவிரலின் அடிமூட்டு வலிக்கத் தொடங்கியது. சுவிட்ச் பிடிக்காவிட்டால் பிடுங்கிவிட்டு வேறு போடலாம். கீ இருக்கும் இடத்தை யாராலும் நகர்த்த முடியாது.

அதனால் நான் சொல்லும் வரிசை இது: வடிவம், கீகளின் எண்ணிக்கை, கட்டைவிரல் பகுதி, சுவிட்ச் குடும்பம், கம்பி வேண்டுமா வேண்டாமா. இவை ஐந்தும் வாங்கிய அன்றே உறுதியாகிவிடும். எந்தக் கீ எந்த எழுத்தைத் தரும், கீகேப், பலகையின் சாய்வு, எந்த நிறச் சுவிட்ச் ஆகியவற்றை வாங்கிய பிறகும் மாற்றிக்கொள்ளலாம். முதல் ஐந்துக்கு நேரம் கொடுங்கள்.

ஒரு வாரம் உங்கள் கைகளைக் கவனியுங்கள்

எதையும் வாங்குவதற்கு முன், இப்போதுள்ள கீபோர்டில் வேலை செய்துகொண்டே மூன்று விஷயங்களைக் குறித்து வையுங்கள்.

முதலாவது, சிரமம் எந்த இடத்தில் என்பது. மணிக்கட்டின் சுண்டுவிரல் பக்கம் இழுக்கிறதா? சாதாரணக் கீபோர்டில் இரண்டு கைகளும் நடுவில் நெருங்கி வருவதால் மணிக்கட்டு வெளிப்பக்கம் வளைகிறது. இரு பாதிகளையும் விலக்கி வைத்தால் அந்த வளைவு நேராகும். முன்கை இறுகுகிறதா? உள்ளங்கை முழுக்கக் கவிழ்ந்தே இருப்பது ஒரு காரணமாக இருக்கலாம். பலகையின் உள்விளிம்பைத் தூக்கி வைக்கும் ‘டென்டிங்’ அதற்கு உதவும். தோள் முன்னால் குறுகுகிறது என்றால் பாதிகளைத் தோள் அகலத்துக்குத் தள்ளி வைப்பதே பெரிய மாற்றம். சுண்டுவிரல் களைத்துப்போகிறது என்றால் ஆச்சரியமில்லை: ஷிஃப்ட், கன்ட்ரோல், என்டர், பேக்ஸ்பேஸ் எல்லாமே இருக்கிற விரல்களிலேயே பலம் குறைந்த அந்த விரலின் தலையில்தான் விழுகின்றன. பலமான கட்டைவிரல்கள் இரண்டும் ஒரே ஒரு ஸ்பேஸ் பாரைப் பகிர்ந்துகொள்கின்றன. இந்த வேலைப் பங்கீட்டை மாற்றுவதுதான், என் அனுபவத்தில், ஸ்ப்ளிட் கீபோர்டின் மிகப் பெரிய பயன்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். விரல்கள் மரத்துப்போகின்றன, வலி தூக்கத்தைக் கெடுக்கிறது, பிடிமானம் தளர்கிறது என்றால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். கீபோர்டு சிகிச்சை அல்ல.

இரண்டாவது, எந்தக் கை எந்தக் கீயை அடிக்கிறது என்பது. வி-க்கும் என்-க்கும் நடுவிலுள்ள பி கீயை வலக்கையால் அடிப்பவர்கள் நிறையப் பேர் உண்டு. பிரித்த பலகையில் அது பெரும்பாலும் இடப்பக்கத்தில்தான் இருக்கும். 6 என்ற எண் ஒரு வடிவத்தில் இடப்பக்கம் இருக்கும், இன்னொன்றில் வலப்பக்கம் இருக்கும். உங்கள் பழக்கம் தெரிந்தால் முதல் வாரத்தின் தடுமாற்றம் பாதியாகக் குறையும்.

மூன்றாவது, எந்தக் கீகளை உண்மையிலேயே அடிக்கிறீர்கள் என்பது. எண்கள் நாள் முழுவதும் வேண்டுமா? எஃப்1 முதல் எஃப்12 வரையிலான வரிசையைத் தொடுகிறீர்களா? அம்புக்குறிகள்? நிரல் எழுதுபவர் என்றால் அடைப்புக்குறிகள்? இந்தப் பட்டியல்தான் பிறகு கீகளின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கும்.

எந்த வடிவம்

சாதாரணக் கீபோர்டின் வரிசைகள் ஒன்றுக்கொன்று சற்று விலகிச் சாய்ந்து நிற்கும். 1874-இல் விற்பனைக்கு வந்த ஷோல்ஸ்-கிளிடன் தட்டச்சுப்பொறியில் ஒவ்வொரு விசைக்கும் கீழே ஒரு நெம்புகோல் ஓடியது. அவை ஒன்றையொன்று இடிக்காமல் இருக்க விசைகளை இப்படி அடுக்க வேண்டியிருந்தது. நெம்புகோல்கள் போய்விட்டன, சாய்வு மட்டும் தங்கிவிட்டது. அந்தச் சாய்வு இரண்டு கைகளுக்கும் ஒரே திசையில் போவதால் இடக்கைக்கு அது தலைகீழாகவே அமைகிறது.

ஸ்ப்ளிட் கீபோர்டுகள் இந்தச் சாய்வை மூன்று விதமாகக் கையாள்கின்றன. முதல் வகை சாய்வை அப்படியே வைத்துக்கொண்டு பலகையை மட்டும் இரண்டாக வெட்டியது. அல்டிமேட் ஹேக்கிங் கீபோர்டும் குவெஃப்ரென்சியும் இந்த வகை. உட்கார்ந்த அன்றே வேலை பார்க்கலாம். நாளில் பாதி நேரம் லேப்டாப்பில் அடித்தாக வேண்டியவர்களுக்கும், விரல்களை இடம் பிரித்து அடிக்கும் பழக்கம் இல்லாதவர்களுக்கும் இதுதான் நிம்மதி.

இரண்டாவது வகையில் கீகள் நேர்ப்பத்தியாக நிற்கும். ஒவ்வொரு பத்தியும் அந்தந்த விரலின் நீளத்துக்கு ஏற்ப மேலும் கீழும் நகர்ந்திருக்கும். நடுவிரல் பத்தி மேலே, சுண்டுவிரல் பத்தி கீழே. கார்ன், லில்லி58, சோஃபிள், மூன்லேண்டர், வாயேஜர் எல்லாம் இந்தக் கூட்டம். விரல் நேராக நீண்டு நேராக மடங்கினால் போதும். பார்க்காமல் தட்டச்சு செய்யத் தெரிந்தவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இந்த வகையைத்தான்.

மூன்றாவது, கிண்ணம் போலக் குழிந்த வடிவம். 1970-களின் மால்ட்ரான், 1992-இல் வந்த கினசிஸின் குழிந்த கீபோர்டு என்று இதற்கு நீண்ட வரலாறு உண்டு. இன்று அட்வான்டேஜ்360, குளோவ்80 போன்றவை இதே குழிவை இரண்டு தனிப் பாதிகளாகத் தருகின்றன. கைக்கு மிக இதமானவை. ஆனால் உருவம் பெரியது, பையில் போட்டுத் தூக்கிப்போக அலுக்கும். ஒரே மேசையில் வேலை செய்பவர் என்றால் தயங்காமல் இதைப் பரிசீலியுங்கள்.

எத்தனை கீகள்

முழு அளவுக் கீபோர்டில் 104 கீகள் இருக்கும். குளோவ்80-இல் 80, எர்கோடாக்ஸில் 76, மூன்லேண்டரில் 72, லில்லி58-இல் 58, வாயேஜரில் 52, கார்னில் 42. ஃபெரிஸ் ஸ்வீப்பில் வெறும் 34. அந்த 34-இல் 26 எழுத்துகள் போக மிஞ்சுவது எட்டு. எண்கள், குறிகள், அம்புக்குறிகள் எல்லாம் லேயர்களுக்குள் போய்விடும். லேயர் என்பது, ஒரு கீயை அழுத்திப் பிடித்திருக்கும் நேரம் மட்டும் மற்ற கீகள் வேறு வேலை செய்வது. ஷிஃப்ட் பிடித்தால் எழுத்து பெரியதாவது போல.

லேயர்கள் அருமையானவை. கையை நகர்த்தாமலே அம்புக்குறி விரலடியில் கிடைக்கும் சுகம் பழகியவர்களுக்குத் தெரியும். ஆனாலும் முதல் பலகையாக 50 முதல் 60 கீகள் கொண்டதையே சொல்வேன். எண் வரிசை இருக்கட்டும். புதிய வடிவம், புதிய கட்டைவிரல் வேலை, புதிய எண் லேயர் மூன்றையும் ஒரே வாரத்தில் கற்க முயன்று பலகையை அலமாரியில் போட்டவர்களை எனக்குத் தெரியும். அதிகமாக இருக்கும் கீயைத் தொடாமல் விட்டுவிடலாம். இல்லாத கீயை எங்கிருந்து கொண்டுவருவது?

லேயர் உங்களுக்கு ஒத்துவருமா என்று வாங்காமலே பார்க்க ஒரு வழி இருக்கிறது. மேக் என்றால் கராபினர்-எலிமென்ட்ஸ், மற்றவற்றில் கனாட்டா போன்ற மென்பொருள் கொண்டு இப்போதுள்ள கீபோர்டிலேயே ஒரு லேயர் அமைக்கலாம். கேப்ஸ் லாக்கைப் பிடித்தால் வலக்கையின் ஜே, கே வரிசை அம்புக்குறிகளாக மாறட்டும். இரண்டு வாரத்தில் அது கைக்கு வந்துவிட்டதா, எரிச்சலாக இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

கட்டைவிரல்: காகிதத்தில் சோதித்துப் பாருங்கள்

மற்ற எல்லாவற்றையும் அவசரமாகச் செய்தாலும் இதை மட்டும் நிதானமாகச் செய்யுங்கள்.

ஒரு வெள்ளைத் தாளை மேசையில் வையுங்கள். கண்ணை மூடி, தோளைத் தளர்த்தி, தட்டச்சு செய்வது போல லேசாக வளைந்த விரல்களோடு கையைத் தாளின் மேல் விடுங்கள். இன்னொரு கையால் ஐந்து விரல் நுனிகளையும் பேனாவால் புள்ளி வையுங்கள். அப்புறம் கட்டைவிரலை மட்டும், சிரமம் தோன்றாத அளவுக்கு, உள்ளேயும் வெளியேயும் அசைத்து அது போகும் வளைவை வரையுங்கள். இதுதான் உங்கள் கையின் வரைபடம். மறுகைக்கும் ஒன்று வரையுங்கள். இரண்டும் ஒன்றுபோல இருக்காது.

அடுத்து, நீங்கள் யோசிக்கும் கீபோர்டின் கீ அமைப்புப் படத்தை உண்மையான அளவில் அச்சிடுங்கள். திறந்த மூல வடிவங்கள் பலவற்றுக்கு இந்தப் படம் எளிதில் கிடைக்கும். அச்சிட்டதும் அளவுகோலை வைத்துச் சரிபாருங்கள்: எம்எக்ஸ் என்னும் பரவலான சுவிட்ச் வகைக்கான சாதாரண இடைவெளி கொண்ட பலகையில் அடுத்தடுத்த இரு கீகளின் மையங்களுக்கு நடுவே 19 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். சரியான எண் 19.05. பிரிண்டர் தாளுக்குப் பொருத்தமாகச் சுருக்கியிருந்தால் இந்தச் சோதனையே வீண்.

இப்போது இரண்டு தாள்களையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். நான்கு விரல்களின் புள்ளிகளும் நடுவரிசைக் கீகளுக்குள் விழுகின்றனவா? சுண்டுவிரல் புள்ளி கீயைவிட வெகுவாகக் கீழே விழுந்தால், உங்களுக்குச் சுண்டுவிரல் பத்தி அதிகம் இறங்கிய வடிவம் தேவை. கைரியா அப்படிப்பட்டது. கார்னில் அந்த இறக்கம் குறைவு.

கட்டைவிரலுக்கு வருவோம். புள்ளி ஏதாவது ஒரு கீயின் மேல் நேராக விழ வேண்டும். அது உங்கள் ஸ்பேஸ். நீங்கள் வரைந்த வளைவு அதன் இருபுறமும் தலா ஒரு கீயையாவது தொட வேண்டும். இத்தனைதான் தேவை. விளம்பரத்தில் ஆறு கட்டைவிரல் கீகள் என்று இருக்கலாம். கையைத் தூக்காமல் எட்டுபவை எத்தனை என்பதே கணக்கு. எர்கோடாக்ஸின் ஆறில் பெரும்பாலான கைகளுக்கு எளிதாக எட்டுபவை பெரிய இரண்டுதான். சின்னக் கை கொண்டவர்கள் கட்டைவிரல் கீகள் வெகுதூரம் வெளியே விரிந்த வடிவங்களைத் தவிர்ப்பது நல்லது. பெரிய கை கொண்டவர்களுக்கு நேர்மாறாக, உள்ளே ஒடுங்கிய வடிவங்கள் என் முதல் பலகையைப் போலத் தொல்லை தரும்.

புள்ளிகள் ஒத்துப்போனால் படத்தை அட்டையில் ஒட்டி, வெட்டி, மேசையில் தோள் அகலத்துக்கு வைத்துப் பத்து நிமிடம் ‘தட்டச்சு’ செய்யுங்கள். ஏதாவது ஒரு பத்தியை வாய்க்குள் சொல்லிக்கொண்டே, ஸ்பேஸ், பேக்ஸ்பேஸ், என்டர் மூன்றையும் கட்டைவிரலுக்குக் கொடுத்து அடித்துப் பாருங்கள். பார்ப்பவர்களுக்கு விநோதமாகத் தெரியலாம். நான் இப்போது பயன்படுத்தும் பலகையை இப்படி அட்டையில் நான்கு வடிவங்களை வெட்டிப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன்.

சுவிட்ச் குடும்பம்

நிறத்துக்கு முன்னால் குடும்பம். எம்எக்ஸ் வகை உயரமானது, சுமார் 4 மில்லிமீட்டர் கீழே இறங்கும். கைல் நிறுவனத்தின் சாக் முதல் பதிப்பு தட்டையானது, 3 மில்லிமீட்டர் இறங்கும். பலகை தட்டையாக இருந்தால் மணிக்கட்டு மேல்நோக்கி மடங்குவது குறையும், பையிலும் அடங்கும். பல சாக் பலகைகளில் கீகள் 18க்கு 17 மில்லிமீட்டர் என்று இன்னும் நெருக்கமாக இருக்கும், விரல்கள் நகரும் தூரமும் குறையும். எம்எக்ஸ் பக்கம் சுவிட்ச், கீகேப் இரண்டிலும் தேர்வுகள் கொட்டிக்கிடக்கின்றன. ஒன்றின் கீகேப் மற்றொன்றுக்குப் பொருந்தாது. சாக் இரண்டாம் பதிப்பு சுவிட்ச் முதல் பதிப்பின் பலகையில் உட்காராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

எந்தக் குடும்பமானாலும் ஹாட்ஸ்வாப் சாக்கெட் இருக்கும் பலகையையே வாங்குங்கள். சாலிடரிங் இல்லாமல் சுவிட்சைப் பிடுங்கி மாற்றலாம். அது இருந்தால் நிறத் தேர்வு சின்ன விஷயம். செர்ரி நிறுவனத்தின் ரெட் சுவிட்ச் சுமார் 45 சென்டிநியூட்டன் விசையில் வேலை செய்யும், பிளாக் 60. வலி காரணமாக மாறுபவர்கள் லேசான பக்கமே தொடங்கலாம். டிக்டிக் என்று சத்தமிடும் கிளிக்கி வகையை, பக்கத்தில் வேறு யாராவது இருக்கும் அறையில் தவிர்த்துவிடுங்கள்.

கீகேப்பில் ஒரு சிக்கல்: பத்திவகைப் பலகைகளில் அகலமான ஷிஃப்ட், என்டர் கிடையாது, பெரும்பாலும் எல்லாம் ஒரே அளவு. சாதாரண செட் வாங்கினால் போதாமல் போகும். எல்லா வரிசையும் ஒரே உயரமாக இருக்கும் எக்ஸ்டிஏ, டிஎஸ்ஏ போன்ற வகை முதல் வருடத்துக்கு நல்லது. கீகளை இடம் மாற்றி மாற்றிப் பார்ப்பீர்கள், வரிசைக்கு ஒரு உயரம் என்றால் மேடு பள்ளமாகிவிடும்.

கம்பி, ஃபர்ம்வேர், கிட்

கம்பியுள்ள பலகைகளில் இரு பாதிகளையும் இணைக்க ஹெட்ஃபோன் கம்பி போலத் தெரியும் டிஆர்ஆர்எஸ் கம்பி இருக்கலாம். யுஎஸ்பி கம்பியைக் கணினியிலிருந்து எடுக்காமல் அதைச் செருகவோ பிடுங்கவோ கூடாது. பிளக் உள்ளே போகும்போது தொடுமுனைகள் ஒன்றோடொன்று உரசி ஷார்ட் சர்க்யூட் ஆகி, கட்டுப்பாட்டுச் சில்லு பாழாகலாம். கம்பியில்லாப் பலகைகள் மேசையில் இஷ்டப்படி வைக்க வசதியானவை. பெரும்பாலும் ஒரு பாதிதான் கணினியோடு பேசும், மற்றது அதனோடு பேசும். அதனால் பேசும் பாதியின் பேட்டரி சீக்கிரம் தீரும். அது அணைந்தால் இரண்டுமே வேலை செய்யாது.

கீகளின் வேலையைத் தீர்மானிக்கும் ஃபர்ம்வேர் பலகைக்குள்ளேயே இருக்கிறது. அலுவலகக் கணினியில் எதையும் நிறுவ அனுமதி இல்லாவிட்டாலும் உங்கள் அமைப்பு கூடவே வரும். கம்பியுள்ளவற்றில் பெரும்பாலும் கியூஎம்கே, கம்பியில்லாதவற்றில் இசட்எம்கே. நீங்கள் விசாரிக்க வேண்டிய கேள்வி ஒன்றே: நிரலைத் தொகுக்காமல், திரையில் கிளிக் செய்தே கீகளை மாற்ற முடியுமா? அதற்கு உதவும் வியா, வயல் செயலிகளின் ஆதரவு இருந்தால் முடியும். முதல் இரண்டு மாதத்தில் நீங்கள் அமைப்பை நூறு முறை திருத்துவீர்கள், ஒவ்வொரு திருத்தமும் ஒரு நிமிடத்தில் முடிய வேண்டும்.

தனித்தனிப் பாகங்களாக வரும் கிட் வாங்கி நீங்களே சாலிடர் செய்வது மகிழ்ச்சியான வேலை. ஆனால் கை வலிக்காக அவசரமாக மாறுபவர் என்றால் கட்டி முடித்ததையே வாங்குங்கள்.

தமிழ்99-இல் அடிப்பவர்களுக்கு

ஆங்கிலத்தை வைத்து எழுதப்பட்ட ஆலோசனைகள் நமக்குத் தவறவிடும் இடம் இது. தமிழ்99-இல் உயிர் எழுத்துகள் எல்லாம் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். வ, ங இரண்டு மட்டும் இடப்பக்கம். மெய், உயிர் என்று கைகள் மாறி மாறி அடிப்பதால் பிரித்த பலகையில் தமிழ் அடிப்பது ஒரு தாளக்கட்டோடு ஓடும்.

ஆனால் வலக்கையின் வெளிவிளிம்பைப் பாருங்கள். ந அரைப்புள்ளிக் கீயில், ய மேற்கோள் கீயில், ழ சாய்கோட்டுக் கீயில், ச, ஞ சதுர அடைப்புக்குறிக் கீகளில். ஒரு வரிசைக்கு ஆறு கீ உள்ள பாதியில் மேல்வரிசையின் ஆறாவது இடம் வழக்கமாக பேக்ஸ்பேஸுக்குப் போய்விடும், ச-வுக்கு இடமில்லை. ச இல்லாமல் நாலு சொல் எழுத முடியாது. எனவே பேக்ஸ்பேஸைக் கட்டைவிரலுக்கு நகர்த்தி அந்த இடத்தை ச-வுக்குக் கொடுங்கள். ஞ-வை இரண்டு கீகளைச் சேர்த்து அழுத்தும் காம்போவாக வைக்கலாம். வரிசைக்கு ஐந்து கீ மட்டுமே உள்ள பலகையில் ய-வும் போய்விடும் என்பதால் தமிழில் நிறைய எழுதுபவர்களுக்கு அதை நான் சொல்ல மாட்டேன். ஆங்கில ஒலிப்பெயர்ப்பில் அடிப்பவர்களுக்கு இந்தக் கவலை கிடையாது.

வந்த பிறகு முதல் மாதம்

பழைய கீபோர்டை எடுத்து வைக்காதீர்கள். அவசர வேலைக்கு அதுவே இருக்கட்டும். புதியதில் தினமும் அரைமணி நேரம், பிழையில்லாமல், மெதுவாக. முதல் நாட்களில் வேகம் பாதிக்கும் கீழே போகும். எனக்கு முழுவேகம் திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

எழுத்துகளின் இடத்தை மாற்றாதீர்கள். கோல்மாக் போன்ற புதிய எழுத்தடுக்கு ஆசை இருந்தால் அதைத் தனியாக, பிறகு வையுங்கள். பாதிகளை முதலில் ஒரு கையகலம் மட்டும் விலக்கி, வாரத்துக்கு வாரம் தோள் அகலம் வரை தள்ளிக்கொண்டு போங்கள். டென்டிங்கும் அப்படித்தான், 5 டிகிரியில் தொடங்கிப் பழகப் பழக ஏற்றுங்கள். மணிக்கட்டுத் தாங்கி ஓய்வு நேரத்துக்கு மட்டும், அடிக்கும்போது கை அதன் மேல் மிதக்கட்டும். பின்விளிம்பைத் தூக்கும் கால்கள் இருந்தால் மடக்கியே வையுங்கள்.

ஏ, எஸ் வரிசைக் கீகளைப் பிடித்தால் ஷிஃப்ட், கன்ட்ரோலாக மாறும் ‘ஹோம் ரோ மாட்’ பற்றி நிறைய நல்ல வார்த்தைகள் கேள்விப்படுவீர்கள். சுண்டுவிரலுக்கு அது உண்மையாகவே பெரிய விடுதலை. ஆனால் தட்டுவதா பிடிப்பதா என்று பலகை முடிவெடுக்கும் நேரம் கியூஎம்கேயில் இயல்பாக 200 மில்லிவினாடி. புதிய பலகையில் தயங்கித் தயங்கி அடிக்கும்போது விரல் அதைவிட அதிக நேரம் கீயில் தங்கிவிடும், எழுத்துக்குப் பதில் கட்டளை பாயும். பழைய வேகத்தின் முக்கால் பங்காவது திரும்பியதும் ஒரே ஒரு கீயில், ஷிஃப்டிலிருந்து, தொடங்குங்கள். தவறாக ஷிஃப்ட் விழுந்துகொண்டே இருந்தால் அந்த நேரத்தை 20, 20 மில்லிவினாடியாகக் கூட்டிப் பாருங்கள்.